வேரில் ஒடிந்தது

மூன்று மில்லிமீட்டர் இரும்பு. அரிசியில் பாதி நீளம். அதை எடுக்க முடியாமல் டாக்டர் ஃபுவாதினோ வியாழக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து தலைவர் தோலூவாவின் வாய்க்குள்ளேயே குடியிருந்தாள்.

தோலூவா லேசுப்பட்ட ஆள் இல்லை. வாய்சூலா கிராமத்தின் பேச்சுக்காரத் தலைவர். கல்யாணமோ சாவோ, தேவாலயத் திறப்போ பட்டம் சூட்டலோ, கோலை ஊன்றி, தேங்காய் நார்ச் சாமரத்தைத் தோளில் வீசிக்கொண்டு அவர் எழுந்தால், எதிரே உட்கார்ந்திருக்கும் மற்ற ஊர்ப் பேச்சுக்காரர்கள் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். சவாயித் தீவு முழுக்க அந்த வாய்க்கு அவ்வளவு பேர். அந்த வாயைத்தான் இப்போது ஒரு பச்சை ரப்பர் திரை இழுத்து மூடியிருந்தது. திரையின் நடுவில் போட்ட ஓட்டை வழியாக ஒரே ஒரு கடைவாய்ப் பல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. அதன் கழுத்தை ஓர் எஃகுக் கவ்வி பிடித்திருந்தது. தோலூவாவுக்கு மிஞ்சியது இரண்டு கண்கள்தான். அவை கூரையில் ஓடும் பல்லியைப் பார்ப்பதும், டாக்டரின் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தன.

"வலிக்குதுங்களா ஐயா?"

"ங்ங்," என்றார் தோலூவா. இல்லை என்று அர்த்தம். ஆமாம் என்றாலும் அதே சத்தம்தான் வந்திருக்கும்.

விஷயம் நடந்தது திங்கட்கிழமை. பல் வேருக்குள் செத்துப்போன நரம்பைச் சுரண்டி எடுக்க மயிரிழை மாதிரி ஓர் அரம் உண்டு. ஃபைல் என்பார்கள். ஒரு ஃபைலை ஐந்து பல்லுக்கு மேல் தொடக்கூடாது என்று அறைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அன்று அவள் கையில் இருந்தது ஏழு பல் பார்த்த ஃபைல், தோலூவாவின் பல் எட்டாவது. புதுப் பெட்டி கப்பலில் வரவேண்டும். கப்பல் வரவில்லை. வளைந்த வேருக்குள் அதைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது விரல் நுனியில் 'டிக்' என்று ஏதோ விட்டுப்போனது. வெளியே எடுத்துப் பார்த்தால் ஃபைல் குட்டையாகியிருந்தது. நுனி உள்ளேயே தங்கிவிட்டது. பல் டாக்டர்கள் இதை 'ஒடிந்தது' என்று சொல்லவே மாட்டார்கள். 'பிரிந்தது' என்பார்கள், ஏதோ துறைமுகத்தில் கைகாட்டிப் பிரிந்துபோன மாதிரி. எப்படிச் சொன்னால் என்ன, உள்ளே இருப்பது இரும்பு.

சொல்லித் தொலைத்திருக்கலாம். எந்த டாக்டருக்கும் நடக்கிற விஷயம் இது. 'ஐயா, ஒரு துண்டு மாட்டிக்கிச்சு' என்று ஒரு வரி போதும். ஃபுவாதினோ சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் சுத்தம் பண்ண வேண்டியிருக்குங்க ஐயா. வியாழக்கிழமை வாங்க," என்று பல்லைத் தற்காலிகமாக அடைத்து அனுப்பிவிட்டாள்.

காரணம் ஆக்லாந்து. கடல் தாண்டி அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும். இங்கிருந்து 'இவர்மேல் எந்தப் புகாரும் இல்லை' என்று ஒரு கடிதம் போக வேண்டும், அதில் வெள்ளிக்கிழமை மேலதிகாரி கையெழுத்துப் போடுவார். விதியை மீறி எட்டாம் முறை தொட்ட ஃபைல் ஒரு தலைவரின் வாய்க்குள் ஒடிந்தது என்று இதற்கிடையில் ஒரு காகிதம் போனால் எல்லாம் முடிந்தது. இருபத்தொன்பது வயதில் அவளுக்கு வேண்டியதெல்லாம், யாருடைய மருமகள், யாருடைய பேத்தி என்று யாரும் கேட்காத ஒரு தெருவில் நடந்துபோவது. அந்த ஆசையை அவள் தாயிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் தாய்மாமனுக்குப் போகும். குடும்பத் தலைவர் அவர், வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஆனால் திங்கட்கிழமை சாயங்காலம் தாய் மாலியா போன் செய்தபோது அவளால் முழுதாக வாயைக் கட்டிக்கொள்ள முடியவில்லை.

"என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு மூக்க உறிஞ்சுற?"

"தோலூவாவோட வேர்ல ஒடிச்சுட்டேம்மா. நீ யார்கிட்டயும் மூச்சு விடாத. வியாழக்கிழமை நான் சரி பண்ணிடுவேன்."

மாலியா, "கர்த்தரே!" என்றாள். போன் கட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் சிக்னல் எப்போதுமே அப்படித்தான் என்று ஃபுவாதினோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மணி ஒம்பதரை," என்றாள் நர்ஸ் லாங்கி, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி. இந்த அறையில் இருபது வருஷம் ஓட்டியவள். "கப்பல் ஏறித் தலைநகர் ஆப்பியாவுக்கே போயிட்டு வந்திருக்கலாம்."

"கொஞ்சம் சும்மா இருங்கக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். திங்கக்கிழமையும் சும்மாதான் இருந்தேன். ஒரு வார்த்தை பேசினேனா?"

திரைக்கு மேலே தோலூவாவின் புருவம் உயர்ந்தது. ஃபுவாதினோ லாங்கியை முறைத்தாள். லாங்கி பல்லியைப் பார்த்தாள்.

நெற்றியில் மாட்டிய பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் வேரின் குழியில் ஒரு வெள்ளிப் புள்ளி மின்னியது. அதைச் சுற்றி, அதிரும் முனையை வைத்து, பல்லை மயிரளவு மயிரளவாகச் சுரண்ட வேண்டும். ரொம்பச் சுரண்டினால் வேரே ஓட்டையாகிவிடும். குறைவாகச் சுரண்டினால் துண்டு அசையாது. அழுத்தினால் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். ஆப்பைப் பிடுங்கப்போய் மாட்டிக்கொண்ட குரங்கின் கதைதான். கையை உள்ளேயும் வைத்திருக்க முடியாது, வெளியேயும் எடுக்க முடியாது. முதுகு வலித்தது, கையுறைக்குள் விரல்கள் வேர்வையில் ஊறின. கர்த்தரே, இந்த ஒன்றை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடு, இனி வாழ்நாளில் ஆறாம் பல்லுக்கு ஒரு ஃபைலைத் தொடமாட்டேன் என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

ஒன்பதே முக்காலுக்கு வெள்ளிப் புள்ளி லேசாக ஆடியது.

"அக்கா, ஆடுது," என்று அவள் மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னாள். அந்த நேரம் பார்த்து வாசலில் பிக்கப் வண்டி ஒன்று வந்து கிரீச்சிட்டு நின்றது. தாழ்வாரத்தில் ஓடிவரும் காலடி. கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தவன் தோலூவாவின் மூத்த மகன் ஈசாயா. அப்பா நேற்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தன் தங்கை வீட்டில் தங்கிவிட்டதால், காலையெல்லாம் போனில் பிடிக்கப் பார்த்து முடியாமல், அங்கே போய்த் தேடிவிட்டு வருகிறான்.

"அப்பா! உங்க போனுக்கு என்ன ஆச்சு? நம்ம வீட்டு வாசல்ல இஃபோங்கா வந்து உக்காந்திருக்கு!"

தோலூவாவின் கண்கள் விரிந்தன. இஃபோங்கா என்றால் சும்மா இல்லை. கொலை நடந்தால் வருவது அது, பெண்ணைக் கெடுத்தால் வருவது. குற்றம் செய்த குடும்பத்தின் தலைவர் விடிவதற்கு முன்னால் வந்து, பாதிக்கப்பட்டவர் வீட்டு முன் மண்டியிட்டு, குடும்பம் தலைமுறையாகக் காத்துவரும் நுண்பாயைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு குனிந்திருப்பார். வீட்டுக்காரர் வந்து பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் எதுவும் நடக்கலாம். மண்டையில் கல் விழுந்தாலும் கேட்க ஆள் கிடையாது.

"ங்ங்?" என்றார் தோலூவா.

"யாரா? இதோ நிக்கிறாங்களே டாக்டரம்மா, இவங்க மாமா ஆசோதான்! விறகு, கல்லு, எல எல்லாம் கொண்டாந்து முன்னாடி வச்சிருக்காரு. 'எங்கள இந்த அடுப்புல போட்டு வேக வச்சுக்கங்க'ன்னு. இருட்டுல வந்தவரு, இன்னும் தலை நிமிரல. பின்னாடி இவங்க அம்மா வேற அழுதுட்டு உக்காந்திருக்கு."

"எங்க மாமாவா? எதுக்கு?" என்றாள் ஃபுவாதினோ.

"எதுக்கா? எங்கள கேக்குறீங்களா? நீங்க எங்க அப்பாவோட வேர ஒடிச்சுட்டீங்களாம்! ஊரே கேக்குது, எங்க குடும்பத்து வேரப் பத்தி நீங்க என்ன பேசினீங்க? யார் பொறப்பப் பத்திப் பேசினீங்க? எங்க பயலுங்க கல்ல எடுத்துக்கிட்டு நிக்கிறானுங்க. அப்பா வர்ற வரைக்கும் பொறுங்கடான்னு சொல்லிட்டு ஓடி வரேன்."

லாங்கிதான் முதலில் புரிந்துகொண்டாள். குழாயைத் தோலூவாவின் வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அடிப்பாவி மாலியா," என்றாள்.

ஃபுவாதினோவுக்கும் புரிந்துவிட்டது. எங்கள் பாஷையில் பல்லுக்கும் வேர்தான், பரம்பரைக்கும் வேர்தான். ஒருவருடைய பல்லில் கை வைப்பதற்கு டாக்டருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், பரம்பரையில் கை வைத்தால் ரத்தம் ஓடும். திங்கட்கிழமை போனில் அழுத மகளின் வார்த்தையைத் தாய் தன் மனம்போல் கேட்டிருக்கிறாள். யாரிடமும் மூச்சு விடாதே என்றதும் விஷயம் எவ்வளவு பெரியது என்று தானாகவே அளந்துவிட்டாள். நேரே அண்ணனிடம் ஓடியிருக்கிறாள்.

சிரிப்பு வரவேண்டிய விஷயம். ஃபுவாதினோவுக்கு வரவில்லை. மாமாவுக்கு எழுபது நெருங்குகிறது, சர்க்கரை வியாதி. விரதம் இருந்துதான் போயிருப்பார். மணி பத்தாகப்போகிறது, வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு போன் போட்டு 'அது பல்லு வேரு' என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால், பல் வேரில் என்ன ஒடிந்தது என்று இதோ இந்த இரண்டு கண்களும் கேட்கும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

"ஏதோ தப்பாப் புரிஞ்சிருக்காங்க," என்றாள். "நான் அப்படி எதுவும் பேசவே இல்ல. அம்மாகிட்ட பேசறேன்." கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தாள். தாயின் போன் அடிக்கவே இல்லை. இஃபோங்காவுக்கு யாராவது போன் எடுத்துக்கொண்டு போவார்களா?

"நீங்க பேசி என்னங்க ஆகும்?" என்றான் ஈசாயா. "ஆசோ நிமிர மாட்டாரு. எங்கப்பாவே வந்து பாயத் தூக்கணும்."

தோலூவா நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழப்போனார்.

"அசையாதீங்க ஐயா! இப்பதான் துண்டு ஆட ஆரம்பிச்சிருக்கு!"

வாயிலிருந்து விழுந்த பிறகு அள்ளவா முடியும்? தோலூவா பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். அவருடைய கை மெல்ல வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கெட்டிப் பிடி. கண்கள், என்ன துண்டு என்று கேட்டன. பேச முடியாத பேச்சுக்காரர் அன்று கண்ணாலேயே அவளைக் கூண்டில் ஏற்றிவிட்டார்.

லாங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சொல்லும்மா," என்றாள். "இனிமே மறைச்சு என்ன பண்ணப் போற? முழுப் பூசணிக்கா அது. ஏற்கனவே சோத்துக்கு வெளிய வந்துடுச்சு."

ஃபுவாதினோ சொன்னாள். திங்கட்கிழமை ஃபைல் ஒடிந்ததை, அது எட்டாவது பல் என்பதை, சுத்தம் செய்ய வேண்டும் என்று பொய் சொன்னதை. "எடுக்கப் பாக்கறேங்க ஐயா. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். வரலன்னா உள்ளயே விட்டு மேல அடைச்சிடலாம், அதுவும் நல்ல வைத்தியந்தான். ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துப் பாக்கணும், வருஷக்கணக்கா. உங்ககிட்ட மறைச்சது தப்புதாங்க." அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆக்லாந்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதையும் சொல்லியிருந்தால் கதையே வேறு. ஆனால் மனுஷ புத்தி, கடைசிச் சதத்தை எப்போதும் மடியில் முடிந்துகொள்கிறது.

தோலூவா அவள் கையை விட்டார். பச்சைத் திரையோடு, கன்னத்தின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு, மார்பில் கட்டிய துணியோடு எழுந்து கதவை நோக்கி நடந்தார்.

"ஐயா, இருங்க! ரெண்டு நிமிஷம், அதக் கழட்டி, பல்ல அடைச்சு விட்டுடறேன்! எச்சி உள்ள போனா பல்லு போயிடும்!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெயிலில் ஒருவர் மண்டியிட்டிருக்கிறார். இரண்டு நிமிஷம் என்பது அவருக்கு ஒரு வார்த்தையே இல்லை. ஃபுவாதினோ கவ்வி கழற்றும் இடுக்கியைக் கையில் அள்ளிக்கொண்டு, நெற்றியில் பூதக்கண்ணாடியோடு பின்னாலேயே ஓடினாள். பிக்கப்பின் பின்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவள் வழி நெடுகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். இருபது நிமிஷப் பயணத்தில் அவள் மனத்தில் ஓடியது, வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, மாமா இல்லை. நாளைக்குக் கையெழுத்து விழுமா என்பதுதான்.

வாய்சூலாவில் ஊரே திரண்டிருந்தது. தோலூவாவின் வீட்டு முன் சரளைத் தரையில் ஆசோ குனிந்திருந்தார். நுண்பாய் தலையையும் முதுகையும் மூடியிருந்தது, இரண்டு உள்ளங்கால்கள் மட்டும் தெரிந்தன. பின்னால் மாலியாவும் சொந்தக்காரர்கள் ஆறு பேரும் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுத் தூண்களை ஒட்டி இளவட்டங்கள், ஒவ்வொருவன் கையிலும் ஒரு கல்.

தோலூவா வண்டியிலிருந்து இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்ததும் பெண்கள் பக்கம் ஓர் அலறல்.

"ஐயையோ! வாயையே தெச்சுட்டாளே!"

"தலைவர் வாய மூடிட்டாடா பாவி!"

கல்லேந்திய கைகள் உயர்ந்தன. தோலூவா ஒரு கையைத் தூக்கினார், உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. நேரே போனார். குனிந்தார். பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் தூக்கி மடித்தார்.

ஆசோ நிமிர்ந்தார். நெற்றியில் சரளைக் கல்லின் தழும்பு. வெயிலில் கண் கூச, எதிரே பச்சையாக, வாயில்லாமல், இரண்டு பக்கமும் சட்டம் நீட்டிக்கொண்டிருந்த ஓர் உருவத்தைப் பார்த்துப் பின்வாங்கினார். பிறகு ஆளை அடையாளம் கண்டுகொண்டு, மருமகளைப் பார்த்து முனகினார்.

"அடியே, என்னடி பண்ணி வச்சிருக்க இவர?"

பாய் தூக்கியாகிவிட்டது, ஆனால் பேச்சு வரவேண்டும். மன்னித்தவர் வாய் திறந்து சொன்னால்தான் மன்னிப்பு முழுமை. தோலூவா நின்றார். ஊர் காத்திருந்தது. கல் வைத்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசாவிட்டால் கோபம் தீரவில்லை என்று அர்த்தம்.

தோலூவா திரும்பி ஃபுவாதினோவைச் சுட்டினார். பிறகு ஊரைச் சுட்டினார். நீ சொல்.

தலைவர்களின் முற்றத்தில் பேச்சுக்காரரின் இடத்திலிருந்து ஒரு பெண் பேசுவது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஃபுவாதினோ சரளையில் மண்டியிட்டாள். "வேருன்னா பல்லு வேருங்க," என்றாள். "அம்மா தப்பாக் கேட்டுட்டாங்க. ஐயாவோட குடும்பத்தப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசல. அவரு பல்லுக்குள்ள என் ஃபைல் ஒடிஞ்சு மாட்டிக்கிச்சு. பழைய ஃபைலு, தூக்கிப் போட்டிருக்கணும். போடல. அவர்கிட்ட சொல்லாம மறைச்சேன். தப்பு அவ்வளவுதான்."

தூணுக்குப் பின்னாலிருந்து யாரோ, "பல்லாடா?" என்றார்கள். ஒரு கல் பொத்தென்று கீழே விழுந்தது. ஒருவன் சிரித்தான், பக்கத்தில் இருந்தவன் சிரித்தான், பெண்கள் பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

"பல்லுக்கா?" என்றார் ஆசோ. "ஒரு பல்லுக்கா நேத்துலேந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்காம விறகச் சுமந்துட்டு வந்தேன்? மாலியா! உன் காதுல என்ன, தேங்கா மட்டைய அடைச்சு வச்சிருக்கியா?"

"அவதான் அழுதா, நான் என்னத்தக் கண்டேன்?" என்று மாலியா கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எழப்போன ஆசோவுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. விழப்போனவரைத் தோலூவாவே தாங்கிப் பிடித்துத் தன் வீட்டுப் பாயில், தன் பக்கத்தில் உட்கார வைத்தார். யாரோ இளநீர் கொண்டுவந்தார்கள். தோலூவா ஃபுவாதினோவைக் கூப்பிட்டுத் தன் முகத்தைத் தொட்டுக் காட்டினார். அவள் இடுக்கியால் கவ்வியை அகட்டி எடுத்து, சட்டத்தோடு திரையைக் கழற்றினாள். இரண்டரை மணி நேரமாகத் திறந்தே இருந்த தாடையை அவர் கையால் பிடித்து மெல்ல மூடி, திறந்து, மறுபடி மூடினார். ஊர் அடங்கியது.

ஊசி மருந்தில் மரத்துப்போன உதடு ஒரு பக்கம் தொங்க, எச்சில் வழிய, கோலில்லாமல் சாமரமில்லாமல் தோலூவா பேசினார். குழறல்தான். இருந்தாலும் முற்றத்தின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது.

"ஆசோ, நீ என் வாசல்ல தலைய வச்ச. என்ன தப்புன்னு நீ கேக்கல, எவ்வளவு தப்புன்னு கேக்கல. உன் வீட்டுப் பொண்ணு அழுதா, அது போதும்னு வந்துட்ட. இந்த ஊருல இனி உன் குடும்பத்த ஒரு சொல் சொன்னவன் என்னச் சொன்னவன்."

"சந்தோஷங்க ஐயா," என்றார் ஆசோ. கண் கலங்கியிருந்தது.

"அப்புறம் இந்தப் புள்ள." தோலூவா அவள் பக்கம் திரும்பினார். பார்வையில் கோபம் துளிகூட இல்லை. அன்புதான். "பயந்து போயி மறைச்சுட்டா. பயப்படாத வயசா? இதுக்காக எவனாவது ஆஸ்பத்திரிக்குக் காகிதம் எழுதினான்னா என்கிட்ட பதில் சொல்லணும். புகாரு கிகாருன்னு ஒண்ணும் கிடையாது."

ஃபுவாதினோ மூச்சு விட்டாள். நான்கு நாளாக விடாத மூச்சு அது. புகார் இல்லை. கையெழுத்து விழும். அடுத்த மாதம் முதல் தேதி.

"அந்த இரும்ப எடுக்க வேண்டாம்," என்று தோலூவா தொடர்ந்தார். "உள்ளயே இருக்கட்டும். பல்லையும் புடுங்க வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும்னு நீதானே சொன்ன? அப்ப நீயே பாரு. வேற டாக்டர் கை இந்த வாய்ல படக் கூடாது. எத்தன பேரு வந்தாங்க, எல்லாரும் ப்ளேன் ஏறிப் போயிட்டாங்க. ஆசோ வீட்டுப் பொண்ணு என் வேர்ல ஒரு துண்டு வச்சிருக்கா, நான் சாகிற வரைக்கும் அத அவதான் பாத்துப்பான்னு ஊரு சொல்லட்டும். நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் அதுதான் கட்டு. என்ன ஆசோ?"

ஆசோ யோசிக்கவே இல்லை. மடித்த நுண்பாயை எடுத்துத் தோலூவாவின் முழங்காலுக்கு முன்னால் வைத்தார். "வாக்குங்க ஐயா. இவ எங்கயும் போக மாட்டா. என் குடும்பத்து வாக்கு."

ஊர் ஆரவாரித்தது. பாய்மேல் வைத்த வாக்கு. அதை மீறிய குடும்பத்தின் பெயரைப் பிறகு எந்தக் கூட்டத்திலும் யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். மாமா மறுபடி இதே சரளையில் மண்டியிட்டாலும் பாயைத் தூக்க ஆள் வராது.

"சொல்லும்மா," என்றார் ஆசோ, பெருமையோடு. "தலைவருக்கு நீயும் ஒரு வார்த்த சொல்லு."

இப்போது சொன்னால் உண்டு. ஐயா, எனக்கு ஆக்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு வரி. மாமாவின் நெற்றியில் அந்தச் சரளைத் தழும்பு இன்னும் சிவந்திருந்தது. இளநீர் வழிந்த தாடையைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வயதில் முதல் தடவையாக அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"சரிங்க ஐயா," என்றாள் ஃபுவாதினோ. "நானே பாத்துக்கறேன்."

சமையலுக்குத் தீ மூட்ட ஆட்கள் ஓடினார்கள். மாமா கொண்டுவந்த அதே விறகை, அதே கல்லைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள், சிரித்துக்கொண்டே. மாலியா நகர்ந்து வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தோளைத் தடவினாள், கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டி அழற? அதான் மன்னிச்சுட்டாங்களே."

"அதுக்குத்தாம்மா," என்றாள் ஃபுவாதினோ.